நிறம் போனால் போதாது: சாய நீருக்கு உலோக ஆக்சைடு துகள் செய்வோருக்குச் சில ஆலோசனைகள்

வேதியியல் முதுநிலை மாணவர்கள் ஆய்வேட்டுக்காகத் துத்தநாக ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ செய்து, சாயம் கரைத்த நீரில் போட்டுப் பார்ப்பது பல கல்லூரிகளில் நடக்கிறது. அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் முறையீடு இது: முதல் தடவை செய்த பொடி மெத்திலீன் நீலத்தை ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிட்டது, அதே குறிப்பை வைத்து மறுபடி செய்த பொடி பாதிகூட வெளுக்கவில்லை. உடனே வாங்கிய வேதிப்பொருள் போலி என்று முடிவுகட்டுவார்கள். சிலர் செய்முறையையே மாற்றுவார்கள். வேறு சிலர் நன்றாக வந்த ஒரே அளவீட்டை மட்டும் ஆய்வேட்டில் சேர்த்துவிடுவார்கள். மூன்றும் வேண்டாம். பெரும்பாலும் காரணம் நான்கைந்து இடங்களில்தான் இருக்கும். பொறுமையாகத் தேடினால் பிடிபட்டுவிடும்.

முதலில் குடுவைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாயம் நீரிலிருந்து மறைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பரப்புக்கவர்ச்சி (சாய மூலக்கூறு உடையாமல் துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது). மற்றது ஒளிவினையூக்கம் (ஒளி பட்ட துகள், நீரிலிருந்தும் அதில் கரைந்த ஆக்சிஜனிலிருந்தும் வினைத்திறன் மிக்க தனி உறுப்புகளை உண்டாக்க, அவை சாயத்தைத் தாக்கி உடைப்பது). முதலாவதில் சாயம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இரண்டாவதில்தான் அது அழியத் தொடங்குகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்: நீலமாக இருந்த நீர் தெளிந்துவிடும். இந்த இரண்டையும் பிரித்து அளக்காமல் 'எண்பது சதவீதம் நீக்கியது' என்று எழுதினால், அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது.

ஒளிவினையூக்கத்துக்கு ஏதோ ஓர் ஒளி இருந்தால் போதாது. துத்தநாக ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானைக் கிளப்பி விடத் தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றல்) ஏறக்குறைய 3.37 எலக்ட்ரான் வோல்ட். அதாவது சுமார் 368 நானோமீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமும் கொண்ட புற ஊதாக் கதிர் வேண்டும். அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 3.2, சுமார் 387 நானோமீட்டர். தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் புற ஊதாப் பங்கு ஐந்து சதவீதம் அளவுதான். 1972-இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளியைக் கொண்டு நீரைப் பிரித்துக் காட்டியதிலிருந்து இந்தத் துறை வளர்ந்து வந்திருக்கிறது. இந்தப் புற ஊதாத் தடை மட்டும் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. ஹெமடைட் எனும் சிவப்பு இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையே உறிஞ்சும். ஆனால் அதில் கிளம்பிய எலக்ட்ரான் வேலை செய்வதற்கு முன்பே திரும்பித் தன் இடத்தில் விழுந்துவிடுகிறது. ஒளியை உறிஞ்சுகிறது என்பதற்காக அது சாயத்தை உடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இனி, பொடிக்குப் பொடி ஏன் மாறுகிறது என்பதற்கு வருவோம். எளிய வீழ்படிவு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 0.2 மோலார் துத்தநாக அசிட்டேட் கரைசல் 100 மில்லி, அதற்கு 4.39 கிராம் டைஹைட்ரேட் உப்பு வேண்டும். 0.4 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு (பட்டறைகளில் காஸ்டிக் சோடா என்பது) 100 மில்லி, அதற்கு 1.6 கிராம். காந்தக் கலக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது காரத்தை பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரத்தில் பீக்கரைக் கவிழ்த்து ஊற்றினால், ஊற்றிய இடத்தில் மட்டும் காரம் மிகுந்து, துகள்கள் பல அளவுகளில் கட்டிகட்டியாக விழும். காரத்தை அளவுக்கு மேல் விட்டாலும் தொல்லைதான். அமில-கார எண் (pH) 12-ஐத் தாண்டும்போது விழுந்த வீழ்படிவு மறுபடி கரையத் தொடங்குகிறது. துத்தநாகம் சிங்கேட் அயனியாக நீரோடு போய்விடும். 9-க்கும் 10-க்கும் இடையில் நிறுத்திக்கொள்வது நல்லது. அந்த எண்ணை ஒவ்வொரு தடவையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். 'சுமார் 20 மில்லி காரம் சேர்த்தேன்' என்ற குறிப்பை வைத்து யாராலும் அந்தப் பொடியை மறுபடி செய்ய முடியாது.

அடுத்தது கழுவுதல். பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான். பலரும் சலித்துக்கொண்டு குறைத்துவிடும் வேலையும் இதுதான். வீழ்படிவோடு சோடியம் அசிட்டேட் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் காய்ச்சி வடித்த நீரால் பலமுறையும் கடைசியாக எத்தனாலாலும் கழுவ வேண்டும். 'மூன்று முறை கழுவவும்' என்ற வரியை நம்பாதீர்கள். கழுவிய நீரின் மின்கடத்துத்திறனை அளந்து, அது நீங்கள் பயன்படுத்தும் வடிநீரின் அளவுக்கு அருகில் இறங்கும்வரை கழுவுங்கள். துத்தநாகக் குளோரைடில் தொடங்கியிருந்தால் சோதனை இன்னும் எளிது: கழுவிய நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுங்கள். பால்போல் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது.

கழுவியதை 80 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, மஃபிள் உலையில் 400 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுடுவது வழக்கம். உலையைத் திறந்ததும் பொடி இளமஞ்சளாகத் தெரிந்தால் பதற வேண்டாம். துத்தநாக ஆக்சைடு சூட்டில் மஞ்சளாகவும் ஆறியதும் வெள்ளையாகவும் மாறுவது அதன் இயல்பு. முழுதாக ஆறிய பிறகும் பழுப்போ சாம்பலோ மிஞ்சியிருந்தால்தான் கவனிக்க வேண்டும்; எரியாத கரி உள்ளே இருக்கலாம். கரி சாயத்தை நன்றாக ஒட்டவைத்துக்கொள்ளும். உங்கள் முதல் பொடி 'அபாரமாக' வேலை செய்ததற்கு அந்தக் கரியே காரணமாக இருந்திருக்கக்கூடும். மாறாக, 700, 800 டிகிரிக்கு ஏற்றினால் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பெருத்து, மேற்பரப்பு குறைந்து, வேலையும் குறையும்.

எடையையும் பாருங்கள். மேலே சொன்ன அளவுகளில் 0.02 மோல் துத்தநாகம் இருக்கிறது. முழுதும் ஆக்சைடாக மாறினாலும் 1.63 கிராமுக்கு மேல் வர முடியாது. உங்களுக்கு 1.9 கிராம் வந்தால் 'விளைச்சல் நன்று' என்று மகிழாதீர்கள். அதில் ஈரமோ, கழுவப்படாத உப்போ, மாறாத ஹைட்ராக்சைடோ இருக்கிறது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் (படிக அமைப்பைக் காட்டும் வரைபடம்) செப்புக் கதிருக்கு 31.8, 34.4, 36.3 டிகிரிகளில் மூன்று கூர்முனைகளும் நிற்க வேண்டும். துத்தநாக ஆக்சைடுக்கு உரியதல்லாத கூர்முனை எங்காவது வந்தால் அது என்ன என்று தேடிய பிறகே அடுத்த அடி வையுங்கள். கூர்முனையின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாடு தரும் அளவு படிகத் துணுக்கின் அளவு. பல துணுக்குகள் சேர்ந்த துகளின் அளவு அதைவிடப் பெரிதாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் பழக்கத்தைக் கைவிடுங்கள்.

காந்தத்தால் இழுத்து எடுக்கலாம் என்பதற்காக மேக்னடைட் செய்கிறவர்களுக்கு இணை வீழ்படிவு முறையில் ஒரு நிபந்தனை முக்கியம்: ஃபெரிக் அயனி இரண்டு பங்குக்கு ஃபெரஸ் அயனி ஒரு பங்கு. ஃபெரஸ் சல்பேட் படிகம் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். புட்டியைத் திறந்தால் மேலே மஞ்சள்பழுப்புப் படலம் தெரிகிறதென்றால், அது ஏற்கெனவே காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. உங்கள் கணக்கில் உள்ள விகிதம் குடுவைக்குள் இல்லை. நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக்கொண்டே அம்மோனியாவைச் சேருங்கள். சரியாக இருந்தால் கருமை உடனே தோன்றும். பழுப்பாக விழுந்து, காந்தத்துக்குச் சோம்பலாக வந்தால், மூலப்பொருளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பொடி சரியாக இருந்தும் சோதனை தவறலாம். அதற்கும் அடையாளங்கள் உண்டு. மெத்திலீன் நீலம் 664 நானோமீட்டரில் உச்சமாக ஒளியை உறிஞ்சும். ஒளியூட்டும்போது அந்த உச்சி தாழ்வதோடு 650-ஐ நோக்கி நகர்ந்தால், மூலக்கூறு முழுதாக உடையவில்லை. அதன் ஓரத்தில் உள்ள மெத்தில் தொகுதிகள் உதிர்கின்றன. இன்னொன்று: மெத்திலீன் நீலம் ஒடுக்கமடைந்தால் நிறமற்ற வடிவமாக மாறும். நிறம் போன கரைசலில் சிறிதளவைச் சோதனைக்குழாயில் எடுத்து, மூடி, காற்றோடு நன்றாகக் குலுக்குங்கள். மறுபடி நீலம் ஏறினால் சாயம் எங்கும் போகவில்லை. இதற்குக் கருவி தேவையில்லை. ஒரு நிமிட வேலை. ஆய்வேடு எழுதும் ஒவ்வொருவரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கண்டிப்பான கருத்து. மெத்திலீன் நீலமே கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சித் தானாகவே சிதையக்கூடியது என்பதால், 'சாதாரண வெளிச்சத்திலேயே வேலை செய்கிறது' என்ற முடிவை இந்தச் சாயத்தை மட்டும் வைத்து எடுப்பதும் சரியில்லை.

ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு துணைச் சோதனைகள் உடன் நடக்கட்டும்: துகள் இல்லாமல் ஒளி மட்டும்; ஒளி இல்லாமல் துகள் மட்டும். இருட்டில் 30 நிமிடம் கலக்கினால் போதும் என்பது பழக்கமாகிவிட்டது. அது எல்லாப் பொடிக்கும் பொருந்தாது. அடுத்தடுத்து எடுத்த இரண்டு மாதிரிகளில் செறிவு மாறாமல் இருந்தால்தான் ஒட்டுதல் சமநிலைக்கு வந்திருக்கிறது. அதன் பிறகு விளக்கைப் போடுங்கள். மாதிரியை வடிகட்டும்போது வடிதாளே நீலத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மையவிலக்கியில் (வேகமாகச் சுழற்றிப் படிய வைக்கும் கருவி) சுழற்றித் தெளியவைப்பதே நல்லது. சரியாகப் படியாத நுண்துகள் ஒளியைச் சிதறடித்து அளவீட்டைக் கெடுக்கும். சாயம் உறிஞ்சாத 800 நானோமீட்டரில் அளவு பூஜ்ஜியத்தைத் தொடுகிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். வெயிலில் செய்கிறவர்கள் காலை பத்து மணிப் பொடியையும் நண்பகல் பொடியையும் ஒப்பிடக் கூடாது. பலரும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளும் பி25 என்ற டைட்டானியம் டை ஆக்சைடை அதே வெயிலில் பக்கத்திலேயே வைத்து, அதற்கு ஒப்ப உங்கள் பொடியின் வேகத்தைச் சொல்லுங்கள்.

எந்தச் சாயத்தை எடுப்பது என்பதில்தான் ஆய்வுக்கூடமும் சாயப்பட்டறையும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. திருப்பூரில் பருத்திப் பின்னலாடைக்குப் பெரிதும் பயன்படுவன ரியாக்டிவ் சாயங்கள். அவற்றில் சல்போனேட் தொகுதிகள் இருப்பதால் நீரில் எதிர்மின் சுமையோடு இருக்கும். மெத்திலீன் நீலமோ நேர்மின் சுமை கொண்டது. துத்தநாக ஆக்சைடின் மேற்பரப்பு, அமில-கார எண் ஏறக்குறைய 9-க்குக் கீழே நேர்மின்னாகவும் மேலே எதிர்மின்னாகவும் இருக்கும். சோடா சாம்பல் சேர்த்த சாயக்குளியலின் எண் 10, 11 என்று நிற்கும். அந்த நீரில் துகளும் சாயமும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். மெத்திலீன் நீலத்தில் நல்ல பெயர் வாங்கிய பொடி பட்டறை நீரில் ஏன் தோற்றது என்று கேட்பவர்களுக்கு முதல் பதில் இதுதான். இதற்குத் தீர்வு உண்டு. முதலிலேயே ரியாக்டிவ் பிளாக் 5 போன்ற, பட்டறையில் உண்மையாகப் புழங்கும் சாயத்தை எடுங்கள். அதன் உச்சி 597 நானோமீட்டர் அருகில் இருக்கும். நீரை நடுநிலைக்குக் கொண்டுவந்தும் பாருங்கள். அமிலத்தை அதிகமாக விட்டால் துத்தநாக ஆக்சைடு கரைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கரைந்த துத்தநாகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது; அளக்கத்தான் வேண்டும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுப் பொதுத் தரம்.

உப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ரியாக்டிவ் சாயம் நூலில் ஏறுவதற்கு அடர்நிறங்களுக்கு லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் சாதாரண உப்போ கிளாபர் உப்போ சேர்க்கிறார்கள். அந்த உப்பு முழுதும் கழிவுநீரில்தான் வந்து சேர்கிறது. வெளியேற்றும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது வரம்பு. நொய்யல் ஆற்றையும் அதன் ஒரத்துப்பாளையம் அணையையும் நம்பியிருந்த உழவர்களின் நிலத்தைப் பாழாக்கியதில் நிறத்தைவிட இந்த உப்புக்குத்தான் பெரும்பங்கு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், அதன்பின் கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை கட்டாயமானதும் இந்தப் பின்னணியில்தான். உலோக ஆக்சைடு துகள் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் சாதாரண உப்பை நீக்காது. இந்தப் பொடியை ஒரு பட்டறைக்காரரிடம் கொண்டுபோகும்போது இதைச் சொல்லாமல் மறைப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. உப்பை நீக்கும் எதிர்ச் சவ்வூடு பரவலுக்கு முன்னால் நீரில் எஞ்சியிருக்கும் கரிமப் பொருளைக் குறைக்கும் துணைப்படியாக இது பயன்படலாம். என் மதிப்பீட்டில் இதன் நியாயமான இடம் அதுவே. அங்கேயும் கார்பனேட்டும் குளோரைடும் வினைத்திறன் மிக்க தனி உறுப்புகளைப் பிடித்து விழுங்கிவிடும்; வடிநீரில் வந்த வேகம் வராது. ஆகவே உப்பும் சோடாவும் சேர்த்த நீரில் ஒரு தடவையாவது சோதனை செய்து, அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

நிறம் போன நீர் பாதுகாப்பான நீரும் அல்ல. அசோ வகைச் சாயங்கள் பாதியில் உடைந்தால் அரோமாட்டிக் அமீன்கள் உருவாகலாம். அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. டர்க்காய்ஸ் நிறம் தரும் ரியாக்டிவ் ப்ளூ 21 போன்றவற்றில் செம்பு அணு மூலக்கூறின் நடுவில் இருக்கிறது. சாயம் சிதைந்தால் அந்தச் செம்பு நீரில் இறங்கும். எனவே வேதி ஆக்சிஜன் தேவையை (சிஓடி, நீரில் உள்ள கரிமப் பொருளை முழுதாக ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) முன்னும் பின்னும் அளந்தே ஆக வேண்டும். நிறம் 95 சதவீதம் குறைந்து, சிஓடி கொஞ்சமே குறைந்திருந்தால், சாயம் வேறு சேர்மங்களாக உருமாறி நீரிலேயே இருக்கிறது என்று பொருள். இன்னும் நீண்ட நேரம் ஒளியூட்டினால் அவையும் குறையலாம், அளந்தால்தான் தெரியும்.

குறுக்கு வழிகளைப் பற்றி. வெளுப்புத்தூளைக் கொட்டினால் நிறம் நிமிடங்களில் போகும். கூடவே குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்கள் உண்டாகும். படிகாரமும் சுண்ணாம்பும் சாயத்தைச் சேற்றுக்கு மாற்றும். அந்தச் சேற்றை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும். நல்ல நீரை ஊற்றிக் கலப்பது சுத்திகரிப்பே அல்ல. பட்டறைக்கு அருகில் இருக்கும் கிணற்றில் நிறம் தெரிகிறது என்று வீட்டில் நானோ பொடி போட்டுத் தெளியவைத்துக் குடிக்க முயல்வது ஆபத்து. அந்த நீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டு, மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கும் புகாரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள்.

'பசுமை முறை' என்று இலைச்சாற்றில் துகள் செய்கிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். இலைச்சாற்றின் சேர்மானம் பருவத்துக்கும் மரத்துக்கும் மாறும். ஆகவே பொடியும் மாறும். அதைவிட முக்கியமானது, துத்தநாக நைட்ரேட்டும் உலர்ந்த இலைச்சாறும் சேர்ந்த பிசின் உலையில் திடீரெனப் பற்றி எரியக்கூடியது; நைட்ரஜன் ஆக்சைடுப் புகையும் கிளம்பும். இரண்டு மூன்று கிராமுக்கு மேல் ஒரே மூசையில் வைக்காதீர்கள். புகைப்போக்கி அறையிலேயே சுண்டவையுங்கள்; சூட்டை மெதுவாக ஏற்றுங்கள். உலர்ந்த பொடியை அரைக்கும்போது துணியைக் கட்டிக்கொள்வது போதாது. நுண்தூளைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண் கவசம் இல்லாமல் புற ஊதா விளக்கைப் பார்க்கக் கூடாது.

பயன்படுத்திய பொடியில் சாயம் ஒட்டியிருக்கிறது. அதையும் மிஞ்சிய கரைசலையும் கைகழுவும் தொட்டியில் ஊற்றாமல், பெயர் எழுதிய கொள்கலத்தில் சேர்த்து, கல்லூரியின் அபாயக் கழிவு ஏற்பாட்டில் ஒப்படையுங்கள். ஆய்வேட்டில் நிறம் குறைந்த சதவீதத்தைப் போடும் அதே அட்டவணையில், இருட்டில் ஒட்டியது எவ்வளவு, சிஓடி எவ்வளவு குறைந்தது, நீரில் கரைந்த உலோகம் எவ்வளவு என்று மேலும் மூன்று எண்களைச் சேருங்கள். மூன்று தனித்தனிப் பொடிகளில் வந்த எண்களையும் கொடுங்கள். நன்றாக வராத பொடியின் எண்ணும் அதில் இருக்கட்டும்.